கோச்சி வீணாக்கிய சூடு: ஆனையிறவிலிருந்து ஒரு நீராவி எஞ்சின் கதை

என் தலைமுறைக்கு ரயில் என்பது முதலில் ஓடும் பொருளாக அறிமுகமாகவில்லை. பங்கருக்கு மேலே போடும் பொருளாகத்தான் அறிமுகமானது. நான் பிறந்த 1990ஆம் ஆண்டில் வடக்குக்கான புகையிரத சேவை நின்றது. எங்கள் வளவில் இருந்த பதுங்குகுழியின் கூரையில் சிலிப்பர் கட்டைகள் கிடந்தன. அவற்றின் மேல் மண்மூட்டை. தண்டவாளத் துண்டுகளும் அப்படியே காப்பரண்களுக்குப் போயின. "இது கோச்சி ஓடின கட்டை" என்று அம்மம்மா சொன்னபோது, கோச்சி என்றால் என்ன என்று கேட்டேன்.

சில மாதங்களுக்கு முன் ஆனையிறவுப் புகையிரத நிலையத்தில் ஒரு முதியவருடன் இருந்து பேசினேன். எண்பதைத் தாண்டியவர். அறுபதுகளில் நீராவி எஞ்சினில் பயர்மனாக வேலை செய்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஐயா என்றே எழுதுகிறேன். இடம்பெயர்வுகளில் அவர் இழந்த சாமான்களின் பட்டியலில் வீடு, மாடு, உழவு இயந்திரம் எல்லாம் உண்டு. ஆனால் அவர் இரண்டு முறை திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு குறிப்புப் புத்தகத்தை. அதில் அவர் ஒரு எஞ்சின் கீறி வைத்திருந்தாராம். "திருத்தின எஞ்சின், பிள்ளை. தண்ணி குறையக் குடிக்கிற எஞ்சின்." 2009இல் மாத்தளன் பக்கம் அது போய்விட்டது.

என் கொப்பியில் அதை மறுபடி கீறித் தரும்படி கேட்டேன். அவர் கீறியதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில வாரம் பிடித்தது. இந்தக் கட்டுரை அந்த விளக்கம்தான்.

உப்பு வயலுக்கு நடுவே ஒரு பாதை

குடாநாட்டிலிருந்தும் தெற்கிலிருந்தும் இரு பக்கமாக வடக்குப் பாதை போடப்பட்டது. 1902 மார்ச்சில் குடாநாட்டுக்குள் சாவகச்சேரி வரை வண்டி ஓடியது. அதே ஆண்டு பாதை பளை வரை நீண்டது. தெற்கிலிருந்து வன்னிக் காட்டை ஊடறுத்து வந்த பாதையோடு அது இணைந்து, 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி ரயில் வந்தது. அந்த இணைப்பின் கழுத்துப்பகுதி ஆனையிறவு. இரு பக்கமும் கடல்நீரேரி, நடுவில் ஒரு வீதியும் ஒரு தண்டவாளமும்.

1930களின் பிற்பகுதியில் இங்கே அரசாங்க உப்பளம் வந்தது. 1950களில் இந்த உப்பை நம்பிப் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். பிறகு நடந்தவை வாசகருக்குத் தெரியும். 1991, 2000, 2009 என்று இந்த ஒடுங்கிய நிலம் மூன்று முறை உலகச் செய்தியானது. இன்று ஆனையிறவில் காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரம், 1991 சண்டையில் வந்த கவசமிட்ட புல்டோசர். இந்தப் பாதையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்களை ஏற்றிய நீராவி எஞ்சினை நினைவூட்ட இங்கே எதுவும் இல்லை.

2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பியது. இந்திய நிறுவனமான இர்கொன் பாதையைப் போட்டது. நான் முதன்முதலில் ரயிலில் ஏறியபோது எனக்கு இருபத்துநான்கு வயது.

கேத்திலின் அடியில் இருக்கும் பாடம்

நீராவி எஞ்சினை விளங்கக் குசினிக்குப் போனால் போதும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாய் ஒரு படை ஒட்டியிருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் போகாது. அவை அடியில் தங்கிவிடும்.

உப்பளத்தில் நடப்பதும் இதுதான். வெயில் தண்ணீரைக் கொண்டுபோகிறது, உப்பு பாத்தியில் மிஞ்சுகிறது. கொதிகலனிலும் அதே வேலை நடக்கிறது, வெயிலுக்குப் பதில் நெருப்பு. உப்பளத்தில் அந்த மிச்சம் விளைச்சல். கொதிகலனில் அதுவே நோய்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரில் அரைக் கிராம் உப்புகள் கரைந்திருந்தால் நாம் அதைக் குடிக்கக்கூடிய தண்ணீர் என்றே சொல்வோம். அந்தத் தண்ணீர் 10,000 லீற்றர் ஆவியானால் 5 கிலோகிராம் உப்பு கொதிகலனுக்குள் மிஞ்சும். ஒரு பெரிய எஞ்சின் அவ்வளவு தண்ணீரை ஒரு நாள் ஓட்டத்துக்குள்ளேயே குடித்துவிடும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை ஊற்றினால் அதே 10,000 லீற்றருக்கு 350 கிலோகிராம். ஆகவே ஆனையிறவில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கிடந்தாலும், அதில் ஒரு வாளிகூட எஞ்சினுக்கு உதவாது.

"சவர்த்தண்ணி போனால் பொயிலர் நுரைக்கும், பிள்ளை. சோத்துப்பானை பொங்கிற மாதிரி. ஆவியோட தண்ணியும் சேர்ந்து சிலிண்டருக்குள்ள போனால் முடிஞ்சுது கதை" என்றார் ஐயா. காரணம் எளிது. ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பாய்ந்து வரும் பிஸ்ரனுக்கு முன்னால் தண்ணீர் நின்றால் சிலிண்டரின் மூடியே உடையலாம். இன்னொரு பக்கம், சுண்ணாம்புப் படை குழாய்களில் ஒட்டினால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. எரிபொருள் கூடும். உலோகம் அளவுக்கு மேல் சூடேறிப் பலவீனமாகும். அதனால்தான் அடிக்கடி அடி வால்வைத் திறந்து கெட்டித் தண்ணீரை வெளியே அடிப்பதும், நாட்கணக்கு வைத்துக் கொதிகலனை ஆறவிட்டுக் கழுவுவதும் அவர்கள் வேலையாக இருந்தன.

சூடு எங்கே போகிறது?

தண்ணீருக்கு அடுத்தது சூடு. 30 பாகை செல்சியஸில் இருக்கும் ஒரு கிலோகிராம் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோயூல் வெப்பம் போதும். ஆனால் கொதிக்கும் அந்தத் தண்ணீரை ஆவியாக்க மேலும் 2,257 கிலோயூல் வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. தேத்தண்ணிக்குத் தண்ணீர் சட்டென்று கொதித்தாலும், கேத்தில் வற்ற நெடுநேரம் எடுப்பது இதனால்தான்.

ஆவி சிலிண்டருக்குள் பிஸ்ரனைத் தள்ளிவிட்டு வெளியேறும்போதும் அது ஆவியாகவே இருக்கிறது. அதாவது, அந்த எட்டு மடங்குச் சூட்டின் பெரும்பகுதியைத் தன்னோடு தூக்கிக்கொண்டு புகைக்கூண்டால் போகிறது. கோச்சியின் "குச்... குச்..." என்ற சத்தம், சூடு வெளியே கொட்டப்படும் சத்தம். வழக்கமான ஒரு நீராவி ரயில் எஞ்சின், எரிபொருளில் இருக்கும் சக்தியில் நூற்றுக்கு 6 முதல் 8 வரைதான் இழுவையாக மாற்றியது. டீசல் எஞ்சின் நூற்றுக்கு 30க்கு மேல் மாற்றியது. 1950களின் தொடக்கத்திலிருந்து இலங்கைக்கு டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கியபின் நீராவியின் நாட்கள் எண்ணப்பட்டது இந்த ஒரு வித்தியாசத்தால்.

ஐயா என் கொப்பியில் கீறியது இதற்கான பதிலை. சிலிண்டரிலிருந்து வரும் பாவித்த ஆவியைப் புகைக்கூண்டுக்கு விடாமல், ஒரு தடித்த குழாயால் பின்னால் தண்ணீர்ப் பெட்டிக்குக் கொண்டுபோகிறார். அங்கே வரிசையாக மெல்லிய குழாய்கள். வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அவற்றைக் குளிரவைக்கும். ஆவி தண்ணீராகி மறுபடி கொதிகலனுக்கு வரும். "ஆவி தண்ணியானால் அதில உப்பு இராது. அதே தண்ணிய எத்தினை தரமும் குடிக்கலாம். ஆனையிறவென்ன, அரபுப் பாலைவனத்திலயும் ஓடலாம்" என்றார்.

பிறகு தானே ஒரு கேள்விக்குறி போட்டார். படத்தில் நெருப்புப் பெட்டிக்கு மேலே.

அந்தக் கேள்விக்குறி முக்கியமானது. புகைக்கூண்டால் வேகமாகப் பாயும் ஆவி ஒரு வேலை செய்கிறது. அது புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுவையால்தான் நெருப்புக்குக் காற்று வருகிறது. வண்டி கடினமாக இழுக்கும்போது ஆவி கூடப் பாயும், காற்றும் கூட வரும், நெருப்பும் தானாகக் கூடும். ஆவியைத் திருப்பி எடுத்தால் அடுப்பூதும் குழல் போய்விடும். "அப்ப நெருப்பை ஆர் ஊதுறது? அதுக்குத்தான் விடை கிடைக்கேல்லை" என்றார்.

திருத்தியவர்களின் வரிசை

ஐயா கேட்ட கேள்வியின் முதல் பாதியைக் கேட்டவர் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் வாட். 1712இல் நியூகொமன் செய்த எஞ்சினில், சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த தண்ணீரை விசிறி ஆவியைத் தண்ணீராக்கினார்கள். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் குளிர்ந்து, மறுபடி சூடாக வேண்டியிருந்தது. 1765இல் வாட் கண்டது ஒரு சின்னத் திருத்தம். ஆவியைத் தனியான இன்னொரு பாத்திரத்தில் குளிரவைத்தால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். 1769இல் காப்புரிமை பெற்ற அந்தத் திருத்தம் எரிபொருள் செலவைப் பெருமளவு குறைத்தது. ஆனால் அதற்குக் குளிர்ந்த தண்ணீர் ஏராளமாக வேண்டும். சுரங்கத்தின் பக்கத்தில் நிற்கும் எஞ்சினுக்கு அது சரி. ஓடும் எஞ்சினால் அவ்வளவு தண்ணீரைச் சுமக்க முடியாது. அதனால் ரயில் எஞ்சின்கள் பெரும்பாலும் ஆவியை வெளியே விட்டுக்கொண்டே ஓடின.

அடுத்த பெரிய திருத்தம் ஜேர்மனியிலிருந்து வந்தது. கொதிகலனிலிருந்து வரும் ஆவி ஈரமானது. சற்றுக் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பட்டவுடன் அதில் ஒரு பகுதி தண்ணீராகிவிடும், வேலை செய்யாது. வில்ஹெல்ம் ஷ்மிற் அந்த ஆவியை நெருப்புக் குழாய்களுக்குள்ளால் இன்னொரு தரம் கொண்டுபோய், காய்ந்த கடும் சூட்டு ஆவியாக்கினார். 1898இல் பிரஷ்ய ரயில்களில் இது வந்தது. எரிபொருளில் ஏறத்தாழ நாலில் ஒன்றும், தண்ணீரில் அதைவிடச் சற்றுக் கூடவும் மிச்சம்.

இலங்கையும் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. மலையகத்தின் செங்குத்துப் பாதைகளுக்காக 1927இல் மன்செஸ்ரரின் பெயர் பீகொக் ஆலையிலிருந்து ஒரு கரட் எஞ்சின் வந்தது. 1945இல் மேலும் எட்டு. ஒரே கொதிகலனை நடுவில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு எஞ்சின் தொகுதிகளை வைத்த வடிவம் அது. கூர்மையான வளைவிலும் கூடிய பாரம் இழுக்கும். நிலைக்குத்துக் கொதிகலன் கொண்ட சென்ரினல் நீராவிப் பெட்டிகளும் சிறு பாதைகளில் ஓடின. இந்தக் காலத்தின் எச்சங்களைப் பார்க்க விரும்புபவர்கள் 2014 இறுதியில் திறக்கப்பட்ட கடுகண்ணாவை புகையிரத நூதனசாலைக்குப் போகலாம்.

ஐயாவின் எஞ்சின் ஓடிய இடம்

ஐயா கீறிய எஞ்சின் உண்மையில் ஓடியிருக்கிறது. ஆனையிறவில் அல்ல, தென்னாபிரிக்காவில்.

அங்கே கரூ என்ற பரந்த வறள்நிலம். தண்ணீர் அரிது, கிடைப்பதும் உவர். 1953 முதல் அந்தப் பாதைக்கு 90 எஞ்சின்கள் இறக்கப்பட்டன. இருபத்தைந்தாம் வகுப்பு என்று பெயர். பாவித்த ஆவி ஒரு தடித்த குழாயால் பின்பெட்டிக்குப் போனது. அங்கே குளிரூட்டும் குழாய் வரிசைகள், பெரிய விசிறிகள். தண்ணீரில் நூற்றுக்கு 90 வரை மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள்.

ஐயாவின் கேள்விக்குறிக்கும் அங்கே விடை இருந்தது. பாவித்த ஆவி பின்னால் போகும் வழியில் ஒரு சிறு சுழலியைச் சுற்றியது. அந்தச் சுழலி புகைப்பெட்டிக்குள் இருந்த விசிறியைச் சுற்றியது. விசிறி நெருப்புக்குக் காற்றை இழுத்தது. ஆவி கூடினால் விசிறியும் வேகமாகும். அதனால் அந்த எஞ்சின்களுக்கு "குச் குச்" சத்தமே இல்லை. ஒரு மெல்லிய ஊளைதான்.

ஆனால் திருத்தத்துக்கும் விலை உண்டு. புகையில் வரும் சாம்பற்துகள்கள் விசிறியின் தகடுகளைத் தின்றன. பராமரிப்புச் செலவு ஏறியது. டீசல் வந்தபின் அந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றைச் சாதாரண எஞ்சின்களாக மாற்றிவிட்டார்கள்.

அதோடு கதை முடியவில்லை. ஆர்ஜென்ரீனாவின் லிவியோ டான்ரே போர்ட்டா (1922–2003), உலகமே நீராவியைக் கைவிட்ட காலத்தில் அதைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் நெருப்புப் பெட்டியில் அடியால் வரும் காற்றைக் குறைத்து, மேலால் கூடுதல் காற்று விட்டார். கரி முதலில் வாயுவாகி, பிறகு முழுதாக எரிந்தது. கரித்துகள் எரியாமல் பறந்துபோவது குறைந்தது. தண்ணீருக்கும் மருந்து கண்டார். தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தி, மரப்பட்டையில் இருக்கும் தனின் போன்றவற்றையும் நுரையடக்கியையும் சேர்த்தால், உப்புகள் குழாயில் ஒட்டாமல் சேறாகத் தண்ணீரிலேயே நிற்கும். திறந்து கழுவிவிடலாம். பரந்தனில் செய்த எரிசோடாவும் தண்ணீரைக் காரமாக்கும் பொருள்தான் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். நோயும் மருந்தின் ஒரு பகுதியும் ஆனையிறவு உப்பிலேயே இருந்தன.

போர்ட்டாவின் வழியில் நடந்த டேவிட் வார்டேல் என்ற பொறியியலாளர், 1981இல் கேப் ரவுனின் சோல்ற் ரிவர் பணிமனையில் 3450 என்ற இலக்க எஞ்சினைத் திருத்தினார். சிவப்பு நிறம் பூசியதால் அதற்குச் சிவப்புப் பிசாசு என்று பெயர் வந்தது. கரியில் நூற்றுக்கு 28, தண்ணீரில் 30 மிச்சம். வலுவோ நூற்றுக்கு 43 கூடியது. புதிய எஞ்சின் அல்ல. பழையதைப் பிரித்து, சூடு எங்கெங்கே ஒழுகுகிறதோ அங்கெல்லாம் அடைத்தார், அவ்வளவுதான்.

பொன்மலையில் இன்னும் ஓடும் கை

நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்யும் கைகள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனை 1928 முதல் இயங்குகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் 46 கிலோமீற்றர் மலைப்பாதைக்காக, 2011க்கும் 2014க்கும் இடையில் அங்கே நான்கு நீராவி எஞ்சின்கள் புதிதாகச் செய்யப்பட்டன. மூலவடிவம் நூறு வருடத்துக்கு முந்தைய சுவிஸ் வடிவம். திருத்தம் நெருப்பில்: கரிக்குப் பதில் எண்ணெய்.

அந்த மூலவடிவமே ஒரு சிக்கனப் பாடம். பல்லுத் தண்டவாளத்தில் ஏறும்போது, முதல் சோடிச் சிலிண்டர்களில் வேலை செய்த ஆவி வீணாகாமல் இரண்டாவது சோடிக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுற்றும். ஒரே ஆவி, இரண்டு வேலை.

ஜாம் போத்தல் விளக்கின் பொறியியல்

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எங்கள் வீட்டு ஜாம் போத்தல் விளக்குத்தான் நினைவுக்கு வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரியில் எரித்தோம். கண்ணாடி காற்றை மறைத்தது. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சூடேறினால்தான் மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாகும் என்பதைப் புத்தகம் பார்க்காமல் கண்டுபிடித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள்.

வாட், ஷ்மிற், போர்ட்டா எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எது வீணாகப் போகிறது? எங்கள் ஆட்களும் அதையேதான் கேட்டார்கள். அவர்களுடைய விடைகள் காப்புரிமை அலுவலகத்துக்குப் போயின. எங்களுடையவை பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. எழுதியவையும் ஐயாவின் குறிப்புப் புத்தகம்போல வழியில் விடுபட்டன.

இது வெறும் பழங்கதையும் அல்ல. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 900 மெகாவாட் மின்சாரத்தைத் தருவது நீராவிச் சுழலிதான். வாட் சொன்ன குளிர்பாத்திரம் அங்கேயும் இருக்கிறது, கடல்நீர் அதைக் குளிரவைக்கிறது. வன்னியில் நெல் அவிக்கும் ஆலைகளில் உமி எரித்து நீராவி எடுக்கிறார்கள். அந்தக் கொதிகலன்களுக்குள் போவதும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். தண்ணீரைச் சோதித்து மென்மையாக்குவது, நாள்தோறும் அடி வால்வைத் திறந்து சேறு கழிப்பது, நீர்மட்டக் கண்ணாடியையும் பாதுகாப்பு வால்வையும் பார்ப்பது, குழாயில் தண்ணீராகி வரும் ஆவியைக் கானுக்குள் விடாமல் திருப்பி எடுப்பது: இவை உமியையும் மிச்சப்படுத்தும், ஆட்களின் உயிரையும் காக்கும். ஐயா போன்ற ஒருவரிடம் ஒரு பின்னேரம் கேட்டாலே இதில் பாதி கிடைத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் இனி அதிகம் இல்லை. உங்கள் ஊரில் ரயில்வேயிலோ உப்பளத்திலோ பரந்தன் தொழிற்சாலையிலோ வேலை செய்த ஒருவர் இருந்தால், போய் இருந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தென்னாபிரிக்க எஞ்சினின் படத்தை அச்செடுத்து ஐயாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் குழாயைத் தொடர்ந்து பின்பெட்டி வரை போனார். திரும்பப் புகைப்பெட்டிக்கு வந்து, விசிறி இருந்த இடத்தில் விரலை வைத்தார். அது எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டார். சொன்னேன்.

"பாவிச்ச ஆவியாலயே ஊதியிருக்கிறாங்கள்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்ப நான் பிழையா யோசிக்கேல்லை."